ஐம்பத்தொன்பதாவது வியாழன்

நல்லூர்
18.01.2026, ஞாயிறு

விழி,

உன் அபிராமி அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி உன் விலாசம் வாங்கினேன். மில் ஹாஸ்டலில் போன் கிடையாது, கடிதம் போட்டால் கைக்குச் சேரும் என்றார்கள். உறையின் மேல் தங்கச்சி பெயரை எழுதிவிடாதே, என் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்கள். நீ அங்கேயும் அக்காவுடைய ஆதார் கார்டில்தான் சேர்ந்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பனியன் கம்பெனியில் அபிராமி, மில்லிலும் அபிராமி. நம் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும் இன்னும் வேல்விழி.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தள்ளிப் போட்டால் தைரியம் போய்விடும். நவம்பர் இருபதாம் தேதி, வியாழக்கிழமை, உன் கம்பெனிக்கு ஆபீசர்கள் வந்தார்கள் அல்லவா, அவர்களுக்குச் சொன்னது நான்தான். நானாகத் தேடிப் போகவில்லை. மதியம் ரெண்டேகாலுக்கு அவர்களே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். ப்ளஸ் டூ பிள்ளைகளை எல்லாம் ஹாலில் உட்கார வைத்துக் கூட்டம் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு மேடம் மைக்கை வாங்கி, "உங்க கிளாஸ்ல யாராச்சும் ஸ்கூலுக்கு வராம கம்பெனிக்குப் போறாங்களா? பயப்படாம சொல்லுங்க கண்ணுகளா" என்று கேட்டார். நான் எழுந்து நின்று உன் பெயரைச் சொன்னேன். கம்பெனி எந்தத் தெரு என்று சொன்னேன். அக்கா கார்டில் வேலை பார்க்கிறாள், பதினெட்டு முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இனிமேல் எழுதுவதை நீ நம்ப மாட்டாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். அந்த வியாழக்கிழமை எனக்கு ஒரு தடவை வரவில்லை. ஐம்பத்தொன்பது தடவை வந்தது.

முதல் வியாழன் சாதாரணமாகத்தான் போனது. மேடம் கேட்டார், நான் தலையைக் குனிந்துகொண்டேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன். விடிந்ததும் கீழே அப்பாவின் நிட்டிங் மெஷின் சத்தம். அம்மா மாடிப்படியில் நின்று, "கண்ணு, மோட்டார் போட்டுட்டியா? தொட்டி காலியாக் கெடக்குது" என்றார். நேற்றும் இதையேதானே கேட்டார் என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். பிரேயரில் கவின் செய்தி வாசிக்கும்போது மைக் அதே இடத்தில் கரகரத்தது. பொருளியல் டெஸ்டில் அதே எட்டுக் கேள்விகள். ரெண்டேகாலுக்கு அதே மேடம். போனை எடுத்துப் பார்த்தால் தேதி இருபது. அதற்கு அடுத்த நாளும் இருபது.

முதல் ஒரு வாரம் அழுதேன். அம்மாவிடம் சொன்னால் முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போய் மந்திரித்துத் திருநீறு போட்டுவிடுவார். மறுநாள் காலையில் அவருக்கு ஒன்றும் தெரியாது, மறுபடியும் மோட்டார் போட்டாயா என்பார். பிறகு கொஞ்ச நாள் ஜாலியாகக் கூட இருந்தது. டெஸ்டில் சென்டம் வாங்கினேன். ஒரு நாள் ஹெச்.எம்மை எதிர்த்துப் பேசினேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு பல்லடம் பஸ்ஸில் ஏறிக் கடைசி வரை போய்த் திரும்பினேன். காங்கேயத்துக்குப் போய் ஒரு எண்ணெய் மில் வாசலில் சும்மா நின்றுவிட்டு வந்தேன். முப்பது தாண்டியதும் அதுவும் சலித்துவிட்டது. சாப்பாடு ருசிக்கவில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் காலையில் அதே பசிதான். என்ன செய்தாலும் ஒன்றுதான் என்று ஆன பிறகு, பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பதோடு சரி.

ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பத்தெட்டு வியாழனில் ஒரு தடவைகூட உன் பெயரைச் சொல்லவில்லை. ஹாலில் இருந்த நாளெல்லாம் என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தொன்பதாவது நாள் ஏன் சொன்னேன் என்று கேட்பாய். உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருந்திருந்தால் இப்போது சொல்வதற்கு ஒரு காரணமாவது இருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. எப்படியும் காலையில் எல்லாம் அழிந்துவிடும், சொன்னால் மேடத்தின் முகம் எப்படி மாறுகிறது என்று ஒரு தடவை பார்ப்போமே என்று எழுந்தேன். அவ்வளவுதான். முகம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. குறித்துக்கொண்டு, "தேங்க்ஸ்மா, உக்காரு" என்றார்.

மறுநாள் அம்மா மாடிப்படியில் நின்று, "கண்ணு, வெள்ளிக்கெழமை சாமி. எந்திரிச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கோ" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன். கேட்டதும் ஓடிப் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் வருகிறது. பொங்கல்கூட வந்து போய்விட்டது. எனக்குத்தான் ஒன்றும் உறைக்கவில்லை. பதில் போடு. திட்டியாவது போடு.

கிருத்தி


மில் ஹாஸ்டல்
26.01.2026, திங்கள்

கிருத்திகா,

கிருத்தி என்று எழுதக் கை வரவில்லை.

வார்டனம்மா உன் உறையைத் தடவிப் பார்த்தார். உள்ளே சிம் கார்டு இல்லை என்று தெரிந்ததும் கொடுத்துவிட்டார். கடிதத்தைப் படிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. இருந்திருந்தால் உன் புண்ணியத்தில் இங்கேயும் மாட்டியிருப்பேன்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் மேல் சந்தேகப்பட்டேன். பக்கத்து வீட்டு ரங்காத்தாள் அக்கா மேல் சந்தேகப்பட்டு, அந்த மனுஷிக்கு மனசுக்குள் கொடுக்காத சாபம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவளை மட்டும் நினைக்கவே இல்லை. அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

உனக்கு ஐம்பத்தொன்பது வியாழன் வந்ததாம். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

மணி மூன்றே முக்கால் இருக்கும். நான் செக்கிங் மேசையில் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் ஜீப் நின்றதும் சூப்பர்வைசர் ஓடி வந்து, "பதினெட்டு ஆகாததுக எல்லாம் உள்ளார போங்க, சீக்கிரம் கண்ணுகளா" என்று விரட்டினார். நானும் இன்னும் இரண்டு பெண்களும் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். ஆபீசர் மேடம் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "வேல்விழி! வேல்விழி யாரும்மா?" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

செப்டம்பரில் அப்பா சாயப்பட்டறையில் வழுக்கி விழுந்து கால் உடைந்து, ஒரு மாதம் மட்டும் என்று சொல்லி அம்மா என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப் போனது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் என்னை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. பேக்கிங்கில் இருந்த என் அம்மாகூட அபிராமி என்றுதான் கூப்பிடுவாள். வாய் தவறிவிடக் கூடாது என்று வீட்டிலும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அன்றைக்கு மேடம் என் பெயரைச் சொன்னதும் நான் எழுந்து நின்று கையைத் தூக்கி, "பிரசன்ட் மிஸ்" என்றேன். பக்கத்தில் இருந்தவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

எவ்வளவு கேவலம் பார். ஒளிந்திருந்தவள் அட்டெண்டன்ஸ் கொடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று சாயங்காலமே அம்மாவையும் என்னையும் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "நாங்க ஒளிச்சு வெச்சும் உங்க புள்ளையே கையத் தூக்கிட்டு வந்து நின்னுச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு வேறு என்ன தோன்றும்? படிக்க வேண்டும் என்பதற்காக நானே ஆபீசருக்குச் சொல்லிக் கொடுத்து அம்மா பிழைப்பையும் கெடுத்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம் என்று ஆபீசரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட்டவர்களிடம் ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லிவிட்டு, நாலாவது நாள் அம்மாவோடு கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து என்னை இங்கே விட்டுவிட்டுப் போனார். பஸ்ஸில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட் எடுக்கும்போதுகூட அம்மாவிடம்தான், "அவளத் தள்ளி உக்காரச் சொல்லு" என்றார். இறங்கியதும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சொல்லவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. உன் வியாழக்கிழமைக் கதையை நான் நம்பவில்லை. அது உண்மையோ பொய்யோ எனக்குத் தேவையும் இல்லை. என்னிடம் எழுதிப் பாவத்தைக் கழுவாதே. எங்கள் லைன் வீட்டுக்குப் போய், அப்பா முகத்துக்கு நேராக நின்று, நான்தான் சொன்னேன் என்று சொல்.

வேல்விழி


நல்லூர்
01.02.2026, ஞாயிறு

விழி,

போகவில்லை. பொய் சொல்ல விரும்பவில்லை, அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

இந்த வாரம் மூன்று தடவை உங்கள் தெருவுக்கு வந்தேன். குழாயடி வரை வருவேன். உன் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உன் அம்மா. ரங்காத்தாள் அக்கா, "யாரத் தேடுற கண்ணு?" என்று கேட்டதும் ஒன்றும் இல்லீங்க என்று திரும்பிவிடுவேன்.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த நாட்களில் யாரிடம் என்ன சொன்னாலும் காலையில் அழிந்துவிடும். ஹெச்.எம்மை மூஞ்சிக்கு நேராகத் திட்டினேன், அம்மா மனசு நோகிற மாதிரி பேசினேன், பயமே இல்லை. இப்போது ஒன்றைச் சொன்னால் அது அப்படியே இருக்கும். உன் அப்பா என்னைப் பார்க்கிற பார்வை நாளைக்கும் இருக்கும், அதற்கு மறுநாளும் இருக்கும். சொல்ல வேண்டிய வாக்கியத்தை நோட்டில் ஏழு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். எதைச் சொன்னால் சரியாக வரும் என்று சொல்லிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை.

உனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. விஜயகுமாரி மிஸ் உன் பெயரைப் பரீட்சைக்கான நாமினல் ரோலிலிருந்து எடுக்கவில்லை. யார் கேட்டாலும் உடம்பு சரியில்லை, வந்துவிடுவாள் என்று சமாளித்துப் பரீட்சைக்குப் பெயரை அனுப்பிவிட்டார். நம் குரூப்புக்குச் செய்முறைத் தேர்வும் கிடையாது. மார்ச் இரண்டாம் தேதி தமிழ்ப் பரீட்சை. ஹால் டிக்கெட் வந்ததும் மிஸ்ஸே வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நீ வந்து உட்கார்ந்தால் போதும்.

இன்னொன்று. நான் உன்னைப் பார்க்க வரவே இல்லை என்று நினைக்காதே. ஒரு வியாழன், முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் உன் கம்பெனி வாசலுக்கு வந்தேன். பதினோரு மணி டீக்கு எல்லோரும் வெளியே வந்தீர்கள். நீ பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி இரண்டாகப் பிய்த்தாய். ஒரு பாதி கீழே மண்ணில் விழுந்துவிட்டது. அம்மா பார்ப்பதற்குள் எடுத்து ஊதி நீ வாயில் போட்டுக்கொண்டு, நல்ல பாதியை அம்மாவிடம் கொடுத்தாய். நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். கூப்பிடவில்லை. நாளைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போதெல்லாம் என்னிடம் நாளைக்குப் பஞ்சமே இல்லையே.

உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன். கொஞ்சம் பொறு.

கிருத்தி


மில் ஹாஸ்டல்
08.02.2026, ஞாயிறு

கிருத்திகா,

அந்த பன்னை நான் ஒரே ஒரு நாள்தான் வாங்கினேன். மற்ற நாளெல்லாம் வெறும் டீதான். அந்த ஒரு நாள் நவம்பர் இருபது. மண்ணில் விழுந்ததை நான் தின்றது அம்மாவுக்கே தெரியாது. அன்றைக்குப் பதினோரு மணிக்கு நீ பள்ளிக்கூடத்தில் பொருளியல் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தாய். டெஸ்ட் பேப்பர் திருத்திக் கொடுத்ததை நம் கிளாஸ் கீர்த்தனாவின் அம்மா என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அதில் நீதான் முதல் மார்க். அப்புறம் எப்படி உனக்குத் தெரியும்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஷிப்டுக்குப் போய் நூல் அறுந்ததைக்கூட கவனிக்காமல் நின்று திட்டு வாங்கினேன்.

சரி, நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உன் மேல் எனக்கு இன்னும் அதிகமாகத்தான் ஆத்திரம் வருகிறது. ஐம்பத்தெட்டு நாள் உன் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றினேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஐம்பத்தெட்டு நாளும் நான் எங்கே இருந்தேன்? காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டரை வரைக்கும் ஒன்றரை ஷிப்ட், செக்கிங் மேசையில் நின்றுகொண்டு இருந்தேன். உன் கணக்கில் அது நல்ல வியாழன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ளே வந்து என் கையைப் பிடித்து, "வாடி ஸ்கூலுக்கு" என்று இழுத்திருக்கலாம். சூப்பர்வைசர் அடித்திருந்தாலும் காலையில் அழிந்துபோயிருக்குமே. உனக்கு என்ன நஷ்டம்?

அதுகூட வேண்டாம். "எனக்கு இப்படி ஆகுது விழி, பயமா இருக்குது" என்று சொல்லவாவது என்னிடம் வந்திருக்கலாம். உன் அம்மாவிடம் சொன்னாய், முருகனிடம் சொன்னாய். காங்கேயத்து எண்ணெய் மில் வரைக்கும் போனாய். நாலு தெரு தள்ளி இருந்த என்னிடம் வரத் தோன்றவில்லை. நீ என் பெயரைச் சொன்னதைவிட இதுதான் எனக்கு வலிக்கிறது.

இங்கே இரண்டாவது, நாலாவது ஞாயிறுதான் பார்வையாளர் நாள். என்னை வெளியே கூட்டிப் போக அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும், வேறு யாருக்கும் விட மாட்டார்கள். இன்று இரண்டாவது ஞாயிறு. யாரும் வரவில்லை. பாக்கி இருப்பது இருபத்திரண்டாம் தேதி மட்டும். அதற்குப் பிறகு பரீட்சை வந்துவிடும். அப்புறம் நீ போய்ச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். இனிமேல் எழுதவும் வேண்டாம்.

வேல்விழி


நல்லூர்
16.02.2026, திங்கள்

விழி,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நேற்றுப் போனேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை முழுக்க நோட்டில் இருந்த ஏழு வாக்கியத்தையும் படித்துப் பார்த்துவிட்டு, கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் அம்மாவும் அப்பாவும் வாசலில் உட்கார்ந்து குழந்தைப் பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி போன பிறகு வீட்டுக்கு வாங்கி வந்துதான் வெட்டுகிறார்களாம். உன் அப்பா கட்டை இல்லாமல் நடக்கிறார், கொஞ்சம் நொண்டுகிறார். என்னைப் பார்த்ததும், "வா தாயி. மயில்சாமி அண்ணாச்சி மகதான? உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கத்தரியை எடுத்து நானும் நாலு பீஸ் வெட்டினேன். உன் அம்மா, "கழுத்துப் பட்டிய வெட்டிப்புடாதத்தா" என்றார்கள்.

அப்புறம் சொல்லிவிட்டேன். "அப்பா, அன்னிக்கு ஆபீசர்கிட்டச் சொன்னது விழி இல்லீங்க. நாந்தானுங்க."

அவர் நிமிராமல் இன்னும் இரண்டு பீஸ் வெட்டினார். பிறகு, "என்னது?" என்றார். மறுபடியும் சொன்னேன். "ஸ்கூலுக்கு வந்து கேட்டாங்க. நாந்தானுங்க எந்திரிச்சுச் சொன்னேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

உன் அம்மா கத்தரியைக் கீழே போட்டுவிட்டார்கள். "எதுக்குடி சொன்ன? எம்புள்ள ஒனக்கு என்னடி பண்ணுனா? ஒரே தட்டுல தின்னீகளேடி!" என்று கத்தினார்கள். ஐம்பத்தொன்பது வியாழனை அங்கே எப்படிச் சொல்வது? "தெரியலீங்கம்மா" என்றேன். உண்மையிலேயே அதுதான் பதில். எழுந்து வந்து என் தோளில் இரண்டு அடி போட்டார்கள். பலமான அடி இல்லை. அடித்துவிட்டு அவர்களே அழுதுகொண்டு உள்ளே போய்விட்டார்கள். எனக்கு வலித்தது, விழி. நவம்பருக்குப் பிறகு எனக்கு வலித்தது இதுதான் முதல் தடவை. அங்கேயே உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுதேன்.

அக்கம்பக்கத்தில் எல்லாக் கதவும் திறந்துவிட்டது. உன் அப்பா யாரையும் கவனிக்கவில்லை. "அப்ப அவ எதுக்குக் கையத் தூக்கிட்டு வந்து நின்னா?" என்று என்னிடம் கேட்டார்.

"அட்டெண்டன்ஸ்னு நெனச்சுட்டாளுங்க. பேரக் கூப்புட்டதும் பிரசன்ட் மிஸ்னு வாயில வந்துருச்சாமுங்க. எனக்கு எழுதியிருந்தாளுங்க" என்றேன்.

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். மடியில் இருந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே பார்த்து, "ஏ கருத்தம்மா, நாம அவளப் பேரு சொல்லிக் கூப்புட்டு எத்தன நாளாச்சு?" என்றார். உள்ளே உன் அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

நான், இருபத்திரண்டாம் தேதியை விட்டால் பரீட்சை போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். "நீ போ தாயி" என்றார். மறுபடியும் ஆரம்பித்தேன். "போன்னு சொல்றேன்ல" என்று ஒரு அதட்டல். எழுந்து வந்துவிட்டேன். அவர் வருவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது.

இன்று காலையில் எழுந்ததும் போனை எடுத்துத் தேதி பார்த்தேன். பதினாறு. தோளில் வலி அப்படியே இருந்தது.

நீ கேட்டதற்கு ஒரு பதில். உன்னிடம் ஏன் வரவில்லை என்றால், நீ கம்பெனிக்குப் போனதிலிருந்து உன்னைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்து நின்றால் நீ எப்படிப் பார்ப்பாயோ என்று இருந்தது. அது அந்த வியாழனுக்கு முன்னாலேயே இரண்டு மாதமாக இருந்தது. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

கிருத்தி


நல்லூர்
01.03.2026, ஞாயிறு

கிருத்தி,

நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். நேரில் வந்தால் பேச்சு வராது, இல்லையென்றால் நிற்காது. அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன்னை அடித்ததற்கு அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனால் சொல்ல மாட்டாள். டப்பாவில் கறிக்குழம்பு வைத்து அனுப்புகிறாள், புரிந்துகொள்.

போன ஞாயிறு அப்பா வந்தார். கேட்டில் வாட்ச்மேன், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அபிராமி என்று சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டு விட்டிருப்பார்கள். அப்பா, "வேல்விழி" என்றார். அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை என்று ரிஜிஸ்டரைக் காட்டியிருக்கிறார்கள். "எம்மவ பேரு எனக்குத் தெரியாதாய்யா? மூக்கையா மக வேல்விழி, ப்ளஸ் டூ படிக்குது, கூப்புடு" என்று அவர் போட்ட சத்தம் எனக்கு மாடி வரைக்கும் கேட்டது. விஷயம் வெளியே வந்ததும் மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் பெட்டியோடு என்னை வெளியே விட்டுவிட்டார்கள். இனி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியாது, அக்கா கார்டும் அங்கே கெட்டுப்போய்விட்டது. அக்கா போனில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டாள்.

அப்பா தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுவிட்டு, கொஞ்ச தூரம் போனதும், "நின்னு நின்னு காலு வலிக்குதாத்தா?" என்றார். நான் இல்லை என்றேன். நான் அழவே இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் பல்லடம் வரைக்கும் அழுதேன். கண்டக்டரே வந்து தண்ணீர் கொடுத்தார்.

விஜயகுமாரி மிஸ் ஹால் டிக்கெட்டை வீட்டில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஏழு நாளில் என்ன படிக்க முடியுமோ படித்தேன். தமிழ் தேறிவிடுவேன். பொருளியலில் பாதிப் பாடம் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பெயிலானால் ஜூனில் எழுதிக்கொள்ளலாம் என்று அப்பாவே சொல்கிறார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததே எனக்குப் பாஸ் ஆன மாதிரிதான்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில சமயம் உன்னை நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கிறேன். சில சமயம், அத்தனை வியாழனையும் நீ தனியாகக் கழித்தாயே என்று உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படிக்கிறேன். இரண்டும் மாறி மாறி வருகிறது. எது நிற்கும் என்று தெரியவில்லை.

அதனால் நாளைக்குப் பரீட்சை ஹாலில் என்னிடம் பேச வராதே. பேசினால் திட்டுவேன், திட்டினால் எனக்கு எழுத்து ஓடாது. கடைசிப் பரீட்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இதெல்லாம் நாளைக்கு என்பது ஒரு தடவை மட்டும் வந்தால்தான். நீ எழுதியது உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒருவேளை மறுபடியும் உனக்கு அப்படி ஆகி, ஒரே நாளில் மாட்டிக்கொண்டாயானால், காங்கேயத்துக்குப் போகாதே. விடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வா. எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. முதலிலிருந்து சொல்லு. நம்ப மாட்டேன், திட்டுவேன், கதவைச் சாத்தினாலும் சாத்துவேன். மறுநாளும் வந்து முதலிலிருந்து சொல்லு. உனக்கு அது நூறாவது தடவையாக இருந்தாலும் எனக்கு முதல் தடவைதானே, நான் சலித்துக்கொள்ள மாட்டேன்.

விழி